கண்ணைக் காட்டப் போய் வாயைத் திறந்தது

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நாலு. ஐந்தாவது, பிரசவத்தில் இறந்துபோன என் தங்கையின் மகள். ஐந்து பேருக்கும் ஒரே சட்டியில்தான் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். எந்த உருண்டை யார் கைக்குப் போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எல்லோரும் ஆளாகி, திருப்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். நான் திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் வீட்டுக்காரர் கட்டிய வீட்டில், தனியாக இருக்கிறேன். சாகிற வரைக்கும் இந்த வீட்டில்தான் இருப்பேன் என்பது என் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் போன வருஷம் கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்குப் பல்லில் இருந்து தொடங்க வேண்டும்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். லீவுக்கு வந்திருக்கிற என் பேத்தி, திருப்பூரில் இருக்கிற மூத்த மகனின் பெண், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பல்லைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் பல் நல்ல பல்.

என் பல்லும் நல்ல பல்லாகத்தான் இருந்தது. வறுத்த புளியங்கொட்டையைக் கடவாயில் போட்டு உடைப்பேன். பொங்கலுக்கு வாங்குகிற கரும்பைப் பல்லாலேயே உரித்து, ஐந்து பிள்ளைகளுக்கும் துண்டு துண்டாகக் கடித்துக் கொடுப்பேன். சோடா மூடியை நான் பல்லால் திறந்ததைப் பார்த்து, "இவ பொம்பளையா, பாக்குவெட்டியா?" என்று என் மாமியார் கேட்டார். அதை ஏச்சாக நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.

என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். வேப்பங்குச்சியால் தேய்த்துத் துப்பினால் எச்சில் சிவப்பாக வந்தது. வலி கிடையாது. வலிக்காத ரத்தத்தை யார் பெரிதாக நினைப்பார்கள்? குச்சி குத்துகிறது போல என்று பல்பொடிக்கு மாறினேன். அதிலும் வந்தது. விரல் பட்டால்தானே வருகிறது என்று, ஈறு பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், பல்லின் முனையை மட்டும் துடைத்துவிட்டு வாயைக் கொப்பளிக்க ஆரம்பித்தேன். ரத்தம் வருவது குறைந்தது. சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். எப்போதாவது ஈறு குறுகுறுத்தால் ஒரு துண்டு புகையிலையை அந்த இடத்தில் அடக்கிக்கொள்வேன். மரத்துப் போகும்.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. குடத்தில், பானையில், குழாய் வாயில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கே பல்லில் மஞ்சள் வரி ஓடும். அதனால் யாருக்காவது பல்லில் காரை ஏறினாலும் சரி, பல் ஆடினாலும் சரி, "நம்ம ஊரு தண்ணி அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். வெளியூரில் இருந்து பெண் பார்க்க வருகிறவர்களிடமும் அதையே சொல்லிச் சமாளிப்போம். எனக்குப் பல் ஆடத் தொடங்கியபோது நானும் தண்ணீரின் மேல்தான் பழியைப் போட்டேன். கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே பல் ஆடியது.

பல் ஆடினால் சாப்பாடு மாறிவிடும். கம்பும் குதிரைவாலியும் கீரையும் மென்று தின்றவள், கஞ்சிக்கு வந்தேன். வெறும் அரிசிக் கஞ்சி. காலையில் டீயில் பன்னை நனைத்து விழுங்குவேன். ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல் என்று எனக்கே ஒரு சமாதானம் வேறு. ஏற்கெனவே எனக்குச் சர்க்கரை இருந்தது. அது ஏற ஆரம்பித்தது.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிற கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, கெட்டிக்காரி, வாயாடி. என் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு,

"என்னம்மா, போன மாசத்துக்கு மேல ஏறியிருக்கு. கருப்பட்டிக் காப்பியா?" என்றாள்.

"கருப்பட்டிய கண்ணுல பாத்து வருசமாச்சு தாயி."

"அப்பக் கோயில்ல சர்க்கரைப் பொங்கலா? எங்ககிட்ட மறைக்கலாம், மெஷினுகிட்ட மறைக்க முடியாதும்மா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திருடித் தின்றால் கையில் சூடு வைப்பேன் என்று சொல்லி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள் நான். என்னைப் பார்த்து நாலு பேருக்கு நடுவில் அப்படிக் கேட்டதை என்னால் விழுங்க முடியவில்லை. அடுத்த மாதம் அங்கே போகவில்லை. பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் என் பெரியப்பா மகன் இறந்துபோனார். எங்கள் பக்கம் சாவு விசாரிக்கப் போவதைக் கேதம் என்போம். கேத வீட்டில் பெண்கள் தனித்தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையும் தலையும் முட்ட அழ வேண்டும். மூச்சும் மூச்சும் கலக்கும். யாருடைய கண்ணீர் யார் கன்னத்தில் வழிகிறது என்று தெரியாது. ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வகையறாவில் எடுக்கிறவள் நான்தான். என் குரலுக்குப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஆண்களும் துண்டை முகத்தில் வைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மதினி, என் அண்ணன் மனைவி. அவர் தோளில் கை போட்டு முதல் அடியை எடுத்தேன். மதினி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அடுத்த அடி எடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு இடது பக்கம் இருந்தவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து போனாள். திரும்பி வந்தவள் வேறு இடத்தில் உட்கார்ந்தாள். வட்டம் என் பக்கம் மட்டும் பிரிந்துபோனது. நான் எடுத்த பாட்டை வாங்குவதற்கு ஆளில்லை. கொஞ்ச நேரம் தனியாகப் பாடினேன். பாதியில் நிறுத்திவிட்டு, வந்த வழியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கும் அண்ணன் வீட்டுக்கும் வேலியோரத்து மரம் ஒன்றை வெட்டிய விஷயத்தில் அதற்கு முன்பு ஒரு பேச்சு நடந்திருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு சாவு வீட்டில் காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். புருஷன் இல்லாதவள், பிள்ளைகளும் பக்கத்தில் இல்லாதவள், இவளை ஒதுக்கினால் யார் கேட்பது என்று பெண்களாகச் சேர்ந்து பேசி வைத்துச் செய்ததாகவே நினைத்தேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம். கேதத்துக்குப் போகாமல் இருந்தால் உறவே இல்லை என்று அர்த்தம். நான் கேதத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

நாம் போவதை நிறுத்தினால் வருகிறவர்களும் நின்றுவிடுகிறார்கள். அதுவரைக்கும் உப்பு வாங்க, ஊசி வாங்க என்று யாராவது வாசலுக்கு வருவார்கள். அதுவும் குறைந்தது. பிறகு நான் வளர்க்கிற ஆட்டோடு மட்டும்தான் பேச்சு. ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. சில நாள் சாயங்காலம் மகன் போன் அடித்து எடுத்தால் எனக்குக் குரலே வராது. காலையில் இருந்து வாயைத் திறக்காததால் தொண்டை அடைத்திருக்கும். இரண்டு மூன்று தடவை செருமிக்கொண்டுதான் "அய்யா" என்று சொல்ல வரும்.

அப்போதே கண்ணிலும் புகை படர ஆரம்பித்திருந்தது. கற்பூரப் புகைக்குள் இருந்து பார்க்கிற மாதிரி. அரிசியில் கல் தெரியாது. ஆடு நிற்கிறதா, சாக்கு மூட்டை கிடக்கிறதா என்று பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மாத்திரை வாங்கப் போகத் திருச்சுழியில் பஸ்ஸுக்கு நின்றேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் முன்பக்கம் ரோஸ் கலரில் இருக்கும், அது எனக்குத் தெரியும். போர்டை முழுக்க வாசிக்க மாட்டேன். முதல் எழுத்து 'அ' என்றால் அருப்புக்கோட்டை, 'ந' என்றால் நரிக்குடி. அதை வைத்தே இத்தனை வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த முதல் எழுத்தும் புகையாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பையன் நின்றான். கேட்டிருக்கலாம். கேட்டால் எழுதப் படிக்கத் தெரியாத கிழவி என்று நினைப்பான். கேட்காமல் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் ஊர் கேட்டார்.

"அருப்புக்கோட்டை."

"அப்பத்தா, இது நரிக்குடி போற வண்டி. போர்டு பாக்கலையா?"

"பாத்தேன். நரிக்குடிக்கும் ஒரு சோலி இருக்கு," என்றேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். சீமைக்கருவேல மரத்தைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. எதிர்ப்பக்கம் போகிற பஸ் வருகிற வரைக்கும் வெயிலில் நின்றேன். தலை சுற்றி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பைக்கில் போன யாரோ எங்கள் ஊர்க்காரன் என்னைப் பார்த்து ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டான். விட்டதோடு நிற்காமல் திருப்பூருக்குப் போனும் போட்டுவிட்டான்.

என் மகன் அன்றைக்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிதானமாகச் சொன்னான்.

"அம்மா, தை பொறக்கட்டும். அதுக்குள்ள கண்ணு ஆபரேஷன் முடிச்சு நல்லாத் தெரியுதுன்னா நீ அங்கயே இரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லைன்னா வீட்டப் பூட்டிட்டு, ஆட்டைக் குடுத்துட்டு, இங்க வந்துரணும்."

"உங்க வீட்ல எனக்கு எங்கய்யா இடம்?"

"ஹால்ல கட்டில் போட்டுக்கலாம்."

அவன் வீட்டு ஹாலை நான் பார்த்திருக்கிறேன். டிவிக்கும் செருப்பு வைக்கிற அலமாரிக்கும் நடுவில் கட்டில் போட இடம் இருக்கும். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு இருப்பதே அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் நான் படுத்துக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். கண் தெரிய வேண்டும் என்று அப்போதுதான் பயத்தோடு நினைத்தேன்.

திருச்சுழியில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். விடிந்ததும் போய் முதல் ஆளாக உட்கார்ந்தேன். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த மேஜையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். அங்கிருந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு,

"பாட்டி, வாயத் தெறங்க," என்றாள்.

"கண்ணு மேல இருக்கு தாயி."

"தெரியும் பாட்டி. தெறங்க."

திறந்தேன். அந்தப் பெண் டார்ச்சை அணைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் தள்ளி நின்று பேசினாள். ஈறெல்லாம் சீழாக இருக்கிறதாம். சர்க்கரையும் ரொம்ப இருக்கிறதாம். இந்த நிலைமையில் கண்ணில் கை வைத்தால் புண் ஆறாது, கிருமி கண்ணுக்குப் போனால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றாள். பல்லைச் சரிசெய்து, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரச் சொன்னாள்.

மகனிடம் சொன்னேன். "பல்லுக்கும் கண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்? சும்மா அலைய விடுறாங்க. பேசாம வண்டிய ஏறு," என்றான். எனக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கட்டிலைப் போடுகிற இடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தேன். இந்தத் தடவை போர்டைக் கேட்டு ஏறினேன்.

சின்ன வயது டாக்டரம்மா. என்னைச் சாய்ந்த நாற்காலியில் படுக்க வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை பெற்றபோது படுத்ததுதான், அதற்குப் பிறகு இன்னொருவர் முன்னால் நான் இப்படிப் படுத்ததில்லை. முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பி, ஒரு கையால் என் தாடையை ஏந்திப் பிடித்து, குனிந்து பார்த்தார். மூக்கையும் வாயையும் மூடியிருந்தார், ஆனாலும் பக்கத்தில் இருந்தார். அவருடைய மூச்சுக் காற்று துணிக்குள் போய் வருவது எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் போன பிறகு என் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு மனித முகம் வந்து இவ்வளவு நேரம் நின்றதில்லை. வலி வருவதற்கு முன்னாலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னும் தொடவே இல்ல பாட்டி. வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு விட்டுப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னார்.

"ஈறுக்கு உள்பக்கம் இருக்கிற புண்ணையெல்லாம் எடுத்து விரிச்சுப் போட்டா உங்க உள்ளங்கை அகலம் வரும். உள்ளங்கையில அவ்வளவு பெரிய புண்ணு சீழோட இருந்தா சும்மா விட்டுருப்பீங்களா?"

"கையில இருந்தாத் தெரியுமே தாயி. இது வலிக்கவே இல்லையே."

"இது வலிக்காது பாட்டி, அதுதான் இதோட குணம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதால ஈறு ஆறல. ஈறு ஆறாததால மாத்திரை போட்டும் சர்க்கரை எறங்கல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தூக்கி விடுது. வாயில இருக்கிற கிருமி வாயோட நிக்காது. ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தும். நெஞ்சுக்கும் நல்லதில்ல."

நர்ஸம்மா என்னைக் கருப்பட்டி திருடி என்று சொன்னது நினைவு வந்தது. நான் திருடவில்லை. அதை அந்த டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் அவருக்கு அது புரியாது. புகையிலை போடுவீர்களா என்று கேட்டார். மறைக்கவில்லை. அதை இன்றோடு விட வேண்டும் என்றார். ரத்தம் வருகிறது என்று ஈறைத் தேய்க்காமல் விட்டதுதான் பெரிய தப்பு, ரத்தம் வருகிற இடத்தைத்தான் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றார். கடைசியாக, கையுறையைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்.

"வாடை வருதுன்னு வீட்ல யாரும் சொல்லலையா பாட்டி?"

"சொல்றதுக்கு வீட்ல ஆரு இருக்கா," என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அருப்புக்கோட்டையைத் தாண்டுவதற்குள் எனக்கு அந்தக் கேத வீடு நினைவுக்கு வந்துவிட்டது. முந்தானை, திருப்பிய முகம், என் கையை எடுத்துவிட்ட கை. பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊர் வருகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஒருவர் வாயில் இருந்து வருகிற வாடை அவருக்கே தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் படுத்து எழுந்தால் அந்த ஆளுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். அதையும் சத்தமாகத்தான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே மதினி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சொளகில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா, வழி மறக்கலையா? உக்காரு."

நான் உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றேன். "மதினி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கேத வீட்ல மூஞ்சியத் திருப்புனீகளே, அது மரத்துக்காகவா, என் வாய்க்காகவா?"

"எந்த மரத்துக்கு?" என்றார் மதினி. அந்தச் சண்டையை அவர் மனதில் வைத்திருக்கவே இல்லை.

"அப்ப வாய்தான்."

மதினி சொளகைக் கீழே வைத்தார். "வாய்தான். இனிமே மறைச்சு என்ன. செத்தவுக எந்திரிச்சு உக்காந்துருவாகளோன்னு பயந்துட்டேன் ஆத்தா."

"ஏன் மதினி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆருகிட்ட, உங்கிட்டயா? மரத்துல கை வச்சதுக்கே எங்க வீட்டு வாசல்ல நின்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சவ நீ. வாய் நாறுதுன்னு சொன்னா விடுவியா? எம்பேரன் பேத்தி காலம் வரைக்கும் வஞ்சிருப்ப."

"வஞ்சிருப்பேன்தான்."

"அதான். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்க ஆசை."

சிரித்தேன், கையால் வாயை மூடிக்கொண்டு. மதினியும் சிரித்தார். பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "போன பொங்கலுக்கு வந்தப்ப உன் மருமகளே எங்கிட்டச் சொன்னா. சின்னவன் அப்பத்தா மடியில உக்கார மாட்டேங்கிறான், நான் எப்படி அத்தைகிட்டச் சொல்லன்னு."

ஆக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவுக்குத் தெரியும், திருப்பூருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என்னிடம் வந்து சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லாத மாதிரி நான் என்னை வைத்திருந்திருக்கிறேன். என் கண்டிப்புக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் இத்தனை நாளும் நாறியிருக்கிறேன்.

இதைச் சொன்னபோது, "உனக்கும் தெரியுமா தாயி?" என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த பல்லை எல்லாம் டாக்டரம்மா தடவைக்கு ஒன்றிரண்டாக எடுத்தார். மீதிப் பல்லில் ஈறுக்கு அடியில் இருந்த காரையை மெஷின் வைத்துச் சுரண்டினார். அந்தச் சத்தம் மண்டைக்குள் போர் போடுகிற மாதிரி இருந்தது. புகையிலையை விட்டேன். அதை விட்ட முதல் வாரம் யாராவது எதிரில் வந்திருந்தால் கடித்திருப்பேன், நல்ல வேளை யாரும் வரவில்லை. மெத்தென்ற பிரஷ் வாங்கி, காலையிலும் படுக்கப் போகும்போதும் ஈறோடு சேர்த்துத் தேய்த்தேன். ரத்தம் வந்தாலும் விடவில்லை. வர வரக் குறைந்து, ஒரு நாள் துப்பியது வெள்ளையாகவே இருந்தது. கம்பையும் குதிரைவாலியையும் குழைய வேக வைத்துச் சாப்பிட்டேன். பன்னை நிறுத்தினேன். நர்ஸம்மாவிடமே திரும்பப் போய் மாத்திரை வாங்கினேன். மாதம் போகப் போகச் சர்க்கரை இறங்கியது. அவள் மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, திங்கறத நிறுத்திட்டீங்களா?"

"கருப்பட்டி இல்ல தாயி. ஈறு. அடுத்து ஆருக்காச்சும் ஏறியிருந்தா வாயத் தெறக்கச் சொல்லிப் பாரு," என்றேன். வரிசையில் இருந்தவர்கள் அன்றைக்கும் சிரித்தார்கள். என்னை அது பாதிக்கவில்லை.

அடுத்த முகாமில் அந்தப் பெண்ணே என் வாயைப் பார்த்தாள். இந்தத் தடவை பின்னால் தள்ளி நிற்கவில்லை. மார்கழியில் வேன் வைத்துக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் வரிசையாக உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கட்டைப் பிரித்ததும் எதிரில் அவர் மகள் நின்றாள். "நான் தெரியுறேனாப்பா?" என்று கேட்டாள். அதற்கு முன்னால் இருந்த அம்மாளுக்கு அவர் வீட்டுக்காரர் நின்றார். என் முறை வந்தது. கட்டைப் பிரித்ததும் எனக்கு எதிரில் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அவ்வளவு வெள்ளையை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. சுவரில் ஒரு ஆணி இருந்தது. அது தெளிவாகத் தெரிந்தது.

"கூட ஆரு வந்திருக்காங்க பாட்டி?" என்று கட்டைப் பிரித்த பெண் கேட்டாள்.

"வேன்ல வந்தேன் தாயி."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், இது யார் வீடு என்று இருந்தது. மூலையில் எல்லாம் ஒட்டடை. அடுப்புக்கு மேலே சுவர் கரியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. இதில்தான் இத்தனை நாளும் பொங்கித் தின்றிருக்கிறேன். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். மேல் வரிசைப் பல் போனதில் உதடு உள்ளே விழுந்து, வேறு யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீரும் புகையும் படக்கூடாது என்று சொன்ன நாள் முடியும் வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒட்டடை அடித்து, பாத்திரங்களைத் தேய்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்தேன். வீடு வீடாக ஆயிற்று.

தை பிறந்ததும் மகனுக்குப் போன் போட்டேன். போடுவதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அவன் வா என்பான், நான் வரமாட்டேன் என்பேன். அவன் வயதைச் சொல்லுவான், நான் பஸ் போர்டை வாசித்ததைச் சொல்லுவேன். அவன் தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்பான். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

"கண்ணு நல்லாத் தெரியுதுய்யா. சர்க்கரையும் எறங்கிருச்சு. நான் இங்கயே இருந்துக்கிறேன்," என்றேன்.

"அப்படியாம்மா? சரிம்மா. சந்தோசம். ஒடம்பப் பாத்துக்க," என்றான்.

அவ்வளவுதான். அவன் குரலில் ஒரு பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. கண் தெரிகிற மாதிரி அதுவும் தெளிவாகத் தெரிந்தது. அவன் நல்ல பிள்ளை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும், இருந்தாலும் வந்துரும்மா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு இடமில்லாமல் போய்விட்டது. போனை வைத்தேன். பிறகு ஆட்டை அவிழ்க்கப் போனேன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்பத்தா, இதையும் எழுதணுமா? அப்பா படிப்பாரு."

"படிக்கட்டும். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஒண்ணும் விடலையே?"

"விடல அப்பத்தா."

"அப்ப மொதல்ல இருந்து வாசி தாயி. மெதுவா வாசி. எங்கயும் நிறுத்தாத."